வலம்புரிச் சங்கு எதிர்ப்பக்கம் சுற்றுவது ஏன்?

மன்னார்வாசி | 3 பிப்ரவரி, இரவு 8.10

மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வலம்புரிச் சங்கு தேடுகிறார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், என் சந்தேகம் வேறு. டிஎன்ஏ எப்போதும் வலப்பக்கமாகத்தான் முறுக்கியிருக்கும், அபூர்வமாக அது இடப்பக்கம் முறுக்கிக்கொண்டால் வலம்புரி பிறக்கும் என்று ஒரு காணொளியில் அடித்துச் சொல்கிறார் ஒருவர். உண்மையா? அப்படியென்றால் ரெண்டு வலம்புரியைச் சேர்த்து வளர்த்தால் பரம்பரையே வலம்புரியாக வந்துவிடுமே. ஏன் யாரும் செய்யவில்லை?

நத்தைப்பித்து | 3 பிப்ரவரி, இரவு 9.25

காணொளி சொல்வது கதை. சாதாரணச் சங்குக்கும் வலம்புரிக்கும் டிஎன்ஏ ஒரே பக்கம்தான் முறுக்கியிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் குளத்துத் தவளைக்கும் அதே பக்கம்தான். அது திரும்பிக்கொண்டால் சங்கு உருவாவதற்கே வழியில்லை.

திருப்பம் வேறு இடத்தில் நடக்கிறது. நத்தை இனத்தின் முட்டை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும் அந்த மூன்றாவது பிரிவைக் கவனியுங்கள். நான்கு பெரிய செல்கள் கீழே. அவற்றின் மேல் நான்கு சின்னச் செல்கள் முளைக்கின்றன. அவை நேர் மேலே வந்து உட்காருவதில்லை, பக்கவாட்டில் திருகிக்கொண்டு பள்ளத்தில் போய் அமர்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் போகும் திசையில் திருகினால், பிற்பாடு வளரும் ஓடு வலச்சுற்று. எதிர்த்திசையில் திருகினால் இடச்சுற்று. ஓடு என்ற பேச்சே இல்லாத நேரத்தில் ஓட்டின் திசை முடிவாகிவிடுகிறது.

இடப்பக்கம் வலப்பக்கம் சண்டை வரும் முன் ஒன்று. உயிரியல்காரர்கள் ஓட்டின் கூர்முனையை, அதாவது கொண்டையை, மேலே வைத்துப் பார்த்து, வாய் இடப்பக்கம் இருந்தால் இடச்சுற்று என்பார்கள். நம் ஆட்கள் கொண்டையைக் கீழே வைத்துப் பார்ப்பதால் அதே சங்கு வலம்புரி. இந்த இழையில் நான் இடச்சுற்று என்றால் வலம்புரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நத்தைப்பித்து | 3 பிப்ரவரி, இரவு 10.50

பரம்பரைக் கேள்வியை விட்டுவிட்டேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மரபியல் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருவது: லிம்னியா என்ற குளத்து நத்தையின் ஓட்டுச் சுற்று. பாய்காட், டைவர் என்ற ஆராய்ச்சியாளர்கள் நத்தைகளை வளர்த்துக் கணக்கெடுத்தார்கள், 1923ல் வெளியிட்டார்கள். எண்கள் மெண்டலின் பரம்பரைக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டில் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியலாளர் அதற்கு விடை சொன்னார். நத்தையின் சுற்றுத் திசையைத் தீர்மானிப்பது அதன் சொந்த மரபணு இல்லை, அதன் தாயின் மரபணு.

வலச்சுற்று மரபணு ஓங்கு (ஒன்று இருந்தாலே அதன் பேச்சுத்தான்), இடச்சுற்று ஒடுங்கு. தாயிடம் இரண்டும் ஒடுங்கு மரபணுவாக இருந்தால், தகப்பன் எப்படியிருந்தாலும் பிள்ளைகள் அத்தனையும் இடச்சுற்று. அந்தப் பிள்ளைகளில் ஒன்று தகப்பனிடமிருந்து ஓங்கு மரபணு பெற்றிருந்தால், தான் இடச்சுற்றாக இருந்துகொண்டே வலச்சுற்றுப் பிள்ளைகளாகப் பெற்றுத்தள்ளும். மெண்டலின் 3:1 கிடைக்கும், ஆனால் ஒரு தலைமுறை தாமதமாக.

காரணம் எளிது. முட்டையில் இருக்கும் புரதங்கள் தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டை. மூன்றாவது பிரிவு வரை கரு அதைத்தான் செலவழிக்கிறது. சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலையைத் தொடங்குவதற்குள் திருகல் முடிந்துவிடுகிறது.

குளத்து நத்தையின் கணக்கு சங்குக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ரெண்டு வலம்புரியைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர் ஏமாறக்கூடும். பிள்ளை எல்லாம் சாதாரணச் சங்காக வரலாம். பார்க்க வேண்டியது தாயின் ஓட்டை இல்லை, தாயின் மரபணுவை.

இராசு_கோவை | 4 பிப்ரவரி, காலை 6.40

மாமியார் சொல்தான் கடைசிச் சொல் என்று நத்தைக்கும் தெரிந்திருக்கிறது.

தேன்மொழி | 4 பிப்ரவரி, காலை 11.05

அக்கா, தாயின் மரபணுதான் என்றால் மறுபடியும் மரபணுவிடம்தானே வந்து நிற்கிறோம்? மரபணுவுக்கு இடம் வலம் எப்படித் தெரியும்? அது வெறும் எழுத்து வரிசைதானே.

நத்தைப்பித்து | 4 பிப்ரவரி, இரவு 9.15

தேன்மொழி கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. மரபணுவுக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது. அது ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும், அவ்வளவுதான். இடம் வலம் தெரிந்த ஆள் வேறு.

செல்லுக்குள் இழைகளாலான ஒரு சட்டகம் இருக்கிறது, சைட்டோஸ்கெலிட்டன் என்று பாடத்தில் வருமே அது. எலும்புக்கூடு என்று மொழிபெயர்த்துப் படித்ததில் பலருக்கு அது அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று என்று பதிந்துவிட்டது. உண்மையில் அது ஓயாமல் ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் கரைந்துகொண்டிருக்கும் சமாசாரம். அதில் மெல்லிய வகை இழை ஆக்டின், தடிமன் சுமார் 7 நானோமீட்டர். மணி மணியான புரதங்கள் கோத்துக்கொண்டு முறுக்கிய இழையாகின்றன. அந்த முறுக்குக்குக் கைப்பக்கம் உண்டு. நீளவாக்கில் பார்த்தால் எப்போதும் வலது முறுக்குதான். மணியின் வடிவமே அப்படி, வேறு மாதிரி கோக்க வராது.

இந்த இழையின் வளரும் நுனியில் ஃபார்மின் என்ற புரதம் உட்கார்ந்துகொண்டு மணி மணியாகச் சேர்க்கும். இழை முறுக்காக இருப்பதால், சேர்க்கச் சேர்க்க ஒன்று இழை சுழல வேண்டும், இல்லை ஃபார்மின் சுழல வேண்டும். ஃபார்மினைச் செல்லின் சவ்வோடு கட்டிப்போட்டால் இழை சுழலும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே பக்கமாகச் சுழன்றால் செல்லின் மேல்தோலே ஒரு பக்கமாக இழுபடும். இடம் வலம் உள்ளே நுழையும் கதவு அதுதான்.

ஊகம் இல்லை இது. 2016ல் இங்கிலாந்தில் ஆங்கஸ் டேவிசன் குழுவும் ஜப்பானில் ரெய்கோ குரோடா குழுவும் லிம்னியா ஸ்டாக்னாலிஸ் நத்தையில் சுற்றுத் திசையை முடிவு செய்யும் மரபணுவைப் பிடித்தார்கள். அது ஒரு ஃபார்மினுக்கான மரபணு. இடச்சுற்று வம்சத்தில் அந்த எழுத்து வரிசை ஓரிடத்தில் பிசகிப் புரதம் உருப்படியாக உருவாவதில்லை. 2019ல் குரோடாவும் அபேயும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் வலச்சுற்று நத்தையின் அந்த மரபணுவை வெட்டிக் கெடுத்தார்கள். இடச்சுற்றுப் பிள்ளைகள் வந்தன. 1923ல் காகிதத்தில் போட்ட கணக்குக்குக் கையில் பிடிக்கக்கூடிய புரதம் கிடைக்க 93 ஆண்டுகள்!

நத்தைப்பித்து | 5 பிப்ரவரி, இரவு 10.30

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஃபார்மின் இருந்தால் வலம், இல்லாவிட்டால் இடம், சுவிட்ச் போல என்று தோன்றும்படி எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. சுவிட்சாக இருந்தால் இரண்டும் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். லிம்னியாவில் அப்படி இல்லை. வலச்சுற்றுக் கருவில் சின்னச் செல்கள் முளைக்கும்போதே திருகிக்கொண்டு முளைக்கின்றன. இடச்சுற்றுக் கருவில் அவை முதலில் நேராகத்தான் முளைக்கின்றன, முளைத்து முடித்த பிறகுதான் சோம்பலாக எதிர்ப்பக்கம் நகர்கின்றன. ஷிபசாகி, ஷிமிசு, குரோடா மூவரும் 2004லேயே இதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். ஆக்டினைக் கலைக்கும் மருந்து கொடுத்தால் வலச்சுற்றுக் கருவின் அந்தத் திருகல் நின்றுபோகிறது, நுண்குழல்களை (அதே சட்டகத்தின் இன்னொரு வகை இழை) கலைக்கும் மருந்து கொடுத்தால் நிற்பதில்லை என்பதும் அதே வேலையில் வந்தது.

ஆக, ஃபார்மின் தருவது திசையோடு கூடிய ஒரு பலமான தள்ளு. அது இல்லாதபோது நடப்பது வேறொரு பலவீனமான ஏற்பாடு. சுவிட்ச் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2009 சோதனை. குரோடா குழு மரபணுவைத் தொடவே இல்லை. நான்கு எட்டாகும் நேரத்தில் மெல்லிய கண்ணாடிக் குச்சிகளால் சின்னச் செல்களை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்கள். கை வேலை, அவ்வளவுதான். அந்தக் கரு வளர்ந்து ஓடும் உள்ளுறுப்பும் திரும்பிய நத்தையானது. வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் விழித்துக்கொள்ளும் நோடல் என்ற மரபணு மறுபக்கம் விழித்துக்கொண்டது. அந்த நத்தைகள் வளர்ந்து போட்ட பிள்ளைகளோ பழையபடி தாய்வழிச் சுற்றோடு பிறந்தன. எந்தச் செல்லுக்குப் பக்கத்தில் எந்தச் செல் உட்காருகிறது என்பதைப் பார்த்துத்தான் மரபணு விழிக்கிறது. மேலதிகாரி மரபணு, கீழே வேலை செய்வது இழைகள் என்ற வரிசை இங்கே தலைகீழ்.

கரையோரம் | 6 பிப்ரவரி, பிற்பகல் 2.20

மூன்றாவது பிரிவு என்று முதல் பதிவில் போட்டிருக்கிறீர்கள். 2019 கட்டுரையில் ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே திசை தெரிகிறது என்று இருக்கிறதே?

நத்தைப்பித்து | 6 பிப்ரவரி, இரவு 8.45

ஆமாம், இருக்கிறது. முதல் பிரிவுக்கு முன்பே செல்லின் உள்ளே முறுக்கின் சாயல் தெரிகிறது என்கிறார்கள். நுண்ணோக்கியில் சாதாரணமாகப் பார்ப்பவருக்குப் புலப்படுவது மூன்றாவதில். குச்சியால் தள்ளித் திருப்ப முடிவதும் அப்போதுதான். அதனால் ஆரம்பம் முதல் செல்லில், முடிவு மூன்றாவது பிரிவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

நத்தைப்பித்து | 6 பிப்ரவரி, இரவு 9.30

இதையெல்லாம் பார்க்க ஜப்பான் போக வேண்டியதில்லை. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எழுந்துபோய்க் கண்ணாடியைப் பாருங்கள். வாங்காமலே செடியோடு வந்து பெருகும் பொடி நத்தை இருக்கிறதா? சுண்டுவிரல் நகம் அளவு, பழுப்பு, ஓட்டின் வழியே தெரியும் மஞ்சள் புள்ளிகள். பெரும்பாலும் அது ஃபைசா. பிறவி இடச்சுற்று. கொண்டையை மேலே வைத்துப் பார்த்தால் வாய் இடப்பக்கம். வலம்புரிக்கு லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறது, இதை வாரத்துக்கு ஒரு தடவை சுரண்டி எடுத்துக் கொட்டுகிறோம். ஒரு இனமே இடச்சுற்றாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை, வழி தவறி ஒன்று வந்தால்தான் பூஜை.

முதுநிலை படிக்கும்போது இந்த நத்தையின் முட்டையோடுதான் என் மாலைகள் கழிந்தன. கண்ணாடியில் ஜவ்வுப் பட்டையாக ஒட்டியிருக்கும், பழைய பிளேடால் நகர்த்தி எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் வைத்தால் பட்டைக்குள் வரிசையாகக் கண்ணாடி அறைகள், ஒவ்வொன்றிலும் மணல் பொடி போல ஒரு கரு இருக்கும். நான்கு செல் நிலையில் நிற்கிற கருவைப் பிடித்துவிட்டால் கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் மேல்முனை கொஞ்சம் தெளிவாகும். அப்புறம் நான்கு மூலையிலும் சின்ன மேடு கிளம்பும். கிளம்பும்போதே நான்கும் இடப்பக்கம் சாயும், ஒன்றாக, ஒரே அளவில். ஒருவர் சொல்லி மற்றவர் செய்கிற மாதிரி இருக்காது, நான்கும் சேர்ந்தாற்போல் நடக்கும். எங்கள் துறையின் நுண்ணோக்கிக்கு விளக்கு இல்லை, கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். மேகம் வந்தால் அன்றைய கதை முடிந்தது.

கிராம்ப்டன் என்ற விலங்கியலாளர் 1894ல் பார்த்ததும் இதே ஃபைசாதான். இடச்சுற்று நத்தையின் பிளவிப்பெருகல் (முட்டை செல் செல்லாகப் பிரிவது) மற்ற நத்தைகளுடையதற்கு எதிர்ப்பக்கம் போகிறது என்று அவர் வரைந்து காட்டினார்.

இராசு_கோவை | 7 பிப்ரவரி, காலை 7.15

தொட்டியைப் பார்த்தேன். இடம்தான். மனைவியிடம் வலம்புரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தேன்மொழி | 7 பிப்ரவரி, மாலை 6.00

நமக்கும் இதயம் இடப்பக்கம்தானே. அதுவும் இந்த ஆக்டின் வேலையா?

நத்தைப்பித்து | 7 பிப்ரவரி, இரவு 10.10

நம் வகையறாவில் கதை கொஞ்சம் மாறுகிறது. எலிக் கருவில் கணு என்று ஒரு குழி, அதில் இருநூறு சொச்சம் பொடி மயிரிழைகள் ஒரே திசையில் சுழல்கின்றன. எல்லாம் சற்றே பின்பக்கம் சாய்ந்திருப்பதால் குழியில் உள்ள திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் இடப்பக்கத்தை இடப்பக்கம் என்று அடையாளம் காட்டுகிறது. டோக்கியோவில் ஹிரோகாவா குழு 1998ல் கண்டது. 2002ல் செயற்கையாகத் திரவத்தை எதிர்ப்பக்கம் ஓடவிட்டார்கள், எலிக் கருவின் இடமும் வலமும் மாறிப்போயின.

அந்த மயிரிழைக்குள் இருப்பவை நுண்குழல்கள், அதே சட்டகத்தின் தடித்த வகை, 25 நானோமீட்டர். அவற்றைச் சறுக்கவைக்கும் மோட்டார் டைனீன். மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் மயிரிழைக்கும் விந்தணுவின் வாலுக்கும் அதே மோட்டார்தான். அது பிறவியிலேயே பழுதானால் ஓயாத சளி, சைனஸ், ஆண்களுக்குக் குழந்தையின்மை என்று வரும். அவர்களில் சுமார் பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம். கார்டஜெனர் 1933ல் நோயை விவரித்தார். டைனீன் கைகள் இல்லை என்று அஃப்செலியஸ் 1976ல் காட்டினார். ஏன் பாதி? திரவம் ஓடாவிட்டால் இடம் வலம் காசு சுண்டிப் போட்ட கணக்குத்தான், அதனால்.

ஆனால் கோழிக் கருவில் இந்தத் திரவ ஓட்டம் கிடையாது. அங்கே செல்களே கணுவைச் சுற்றி இடப்பக்கம் நகர்ந்து திசையைத் தீர்மானிக்கின்றன. ஆக்டினும் அதை இழுக்கும் மயோசினும் சேர்ந்த வேலை. இப்போது வகுப்பில் 33 மணி நேரக் கோழிக் கருவைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதயக் குழாய் வலப்பக்கம் புடைத்திருப்பதைக் காட்டிவிட்டு இதைச் சொல்வேன். (முட்டைக்குக் குஞ்சு பொரிப்பகம்தான் போக வேண்டும். கடையில் விற்கும் நாமக்கல் முட்டையில் கரு இருக்காது. வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கடை முட்டையோடு வந்து நிற்கும்.)

அதே கருவில் இன்னொன்றும் தெரியும். முதுகில் தட்டையாக இருந்த தகடு விளிம்பு எழும்பி மடிந்து குழாயாகிறது, மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான். அங்கே ஒவ்வொரு செல்லின் மேல்முகத்திலும் ஆக்டின் வளையம், அதை மயோசின் இறுக்குகிறது. மேல்முகம் சுருங்கி அடிப்பக்கம் அகலமாகவே நிற்பதால் தகடு முழுதும் வளைந்துவிடுகிறது. ஷ்ரூம் என்ற புரதம் அந்த இறுக்கத்தைக் கூட்டுகிறது. தவளைக் கருவில் மடியவே வேண்டாத மேல்படலச் செல்களில் அதை வைத்தபோது அவையும் மேல்முகம் சுருங்கின, 2003ல். மனிதரில் இந்தக் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

விதைக்கடை | 8 பிப்ரவரி, மதியம் 1.30

நுண்குழல்களைக் கலைக்கும் மருந்து என்றீர்களே, எங்கள் ஊர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு விதை போகிறதே கோல்சிசின் எடுக்க, அது இதுவா?

நத்தைப்பித்து | 8 பிப்ரவரி, இரவு 9.00

அதுவேதான். செங்காந்தள் விதையில் இருக்கும் கோல்சிசின் நுண்குழலின் கட்டுமானப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் கோக்கவிடாது. செல் பிரிய முடியாமல் நடுவில் நின்றுவிடும். வெங்காய வேர்நுனிச் செய்முறையில் குரோமோசோம் தெளிவாகத் தெரிய இதைத்தான் ஊற்றுவோம். மேலே சொன்ன நத்தைச் சோதனையில் வேறு மருந்து, வேலை ஒன்றுதான். கிழங்கும் விதையும் கடும் விஷம் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நத்தைப்பித்து | 11 பிப்ரவரி, மாலை 4.40

மன்னார்வாசிக்கு இன்னும் ஒன்று. மரபணு, மரபணு என்று பேசிக்கொண்டே போகிறோம். ஜெரமி கதையைச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகிவிடும். 2016ல் லண்டனில் ஒரு குப்பை எருக் குவியலில் இடச்சுற்றுத் தோட்டத்து நத்தை ஒன்று கிடைத்தது. டேவிசன் அதற்கு ஜெரமி என்று பெயர் வைத்து, ஜோடி தேடி ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்தார். சுற்று எதிரெதிராக இருந்தால் இவற்றுக்குச் சேரவே முடியாது, உறுப்பு எட்டாது. இன்னும் இரண்டு இடச்சுற்று நத்தைகள் கிடைத்தன. அவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ள, ஜெரமி கொஞ்ச காலம் தனிமரம். சாவதற்குக் கொஞ்சம் முன்னால், 2017ல், அதற்கும் பிள்ளை பிறந்தது. எல்லாமே வலச்சுற்று.

அப்புறமும் டேவிசன் குழு இடச்சுற்றுத் தோட்டத்து நத்தைகளைச் சேகரித்துத் தலைமுறை வளர்த்துப் பார்த்து 2020ல் சொன்னது: இந்த இனத்தில் பெரும்பாலும் இது பரம்பரை இல்லை, கரு வளர்ச்சியில் நேர்ந்த விபத்து. கண்ணாடிக் குச்சி செய்ததை இயற்கையே எப்போதாவது செய்துவிடுகிறது. எனவே ஒரு வலம்புரியைக் காட்டி "இதன் மரபணு வேறு" என்று யாரும் சொல்ல முடியாது. வேறாகவும் இருக்கலாம், பிறந்த நேரத்தில் நாலு செல் வழுக்கியதாகவும் இருக்கலாம்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்கரையில் பிறவியிலேயே இடச்சுற்றாக இருக்கும் வேறொரு இனச் சங்கு உண்டு, அதையும் இங்கே வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவச் சொல்லுங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு மேடுகள் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் வழுவழு.

கரையோரம் | 12 பிப்ரவரி, காலை 9.50

ஒரு செல்லில் இழை சுழல்கிறது சரி. அது உடம்பையே முறுக்கும் என்பதற்கு நத்தை தவிர வேறு சாட்சி இருக்கிறதா? நத்தை தனிக்கேஸ் என்று தோன்றுகிறது.

நத்தைப்பித்து | 12 பிப்ரவரி, இரவு 11.20

இருக்கிறது, அதுவும் பலமான சாட்சி. பழ ஈ. அதன் பின்குடல் ஒரு பக்கம் வளையும், ஆண் ஈயின் பிறப்புறுப்பு கூட்டுப்புழுப் பருவத்தில் 360 பாகை முழுச் சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். (எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்காத மாணவர் இல்லை.) மயோசின் 1டி என்ற புரதம் கெட்டால் இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன, 2006ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன.

2018ல் பிரான்சில் நோசெல்லி குழு ஒரு படி மேலே போனது. ஈயின் புழுப் பருவத்தில் மேல்தோல் நேராக இருக்கும், அதற்கு இடம் வலம் கிடையாது. அந்தத் தோலில் மயோசின் 1டியை உருவாக்கவைத்தார்கள். புழு முழு உடம்போடு முறுக்கிக்கொண்டது. மூச்சுக்குழல்களில் உருவாக்கினால் அவை முறுக்கின. அப்புறம் செல்லே இல்லாமல், கண்ணாடித் தகட்டில் இந்த மயோசினை ஒட்டி அதன்மேல் ஆக்டின் இழைகளை விட்டுப் பார்த்தார்கள். இழைகள் நேராகப் போகவில்லை, கடிகாரத்துக்கு எதிராக வட்டமடித்தன. நேராக இருந்த உடம்பில் ஒரே ஒரு புரதத்தைச் சேர்த்ததற்கு இந்த விளைவு.

தனிச் செல்லும் செய்யும். சிங்கப்பூரில் பெர்ஷாட்ஸ்கி குழு 2015ல், வட்டமான சிறு திட்டுகளில் ஒவ்வொரு செல்லாக ஒட்டவைத்தது. ஆக்டின் இழைகள் முதலில் மையத்தை நோக்கி நேராக நின்றன, பிறகு எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து சுழலத் தொடங்கின. அங்கேயும் ஃபார்மின் தேவைப்பட்டது. ஆல்ஃபா ஆக்டினின் என்ற இழை கட்டும் புரதத்தைக் கூட்டியபோது சுழற்சி எதிர்ப்பக்கம் திரும்பியது. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது. இழையின் முறுக்கு மாறவே இல்லை, கட்டின விதம் மாறியதும் திசை மாறிவிட்டது. அப்படியானால் நான் 4ஆம் தேதி எழுதியது போல இழையின் முறுக்கே உடம்பின் திசை என்று நேர்க்கோடு போட முடியாது. முறுக்கு ஒரு சார்பைத் தருகிறது, அந்தச் சார்பு எந்தப் பக்கம் வெளிப்படும் என்பது இழைகள் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இராசு_கோவை | 13 பிப்ரவரி, காலை 7.05

முட்டைப் பட்டை கிடைத்தது. பையனின் பொம்மை நுண்ணோக்கி போதுமா?

நத்தைப்பித்து | 13 பிப்ரவரி, மாலை 5.30

100 மடங்கு பெரிதாக்கினால் போதும். கண்ணாடியில் புதிதாக ஒட்டிய பட்டையாக இருக்க வேண்டும், ராத்திரி துடைத்துவிட்டு விடியற்காலை தேடினால் கிடைக்கும். ஒரு நாள் தாண்டிவிட்டால் கரு நிறையச் செல்லாகிவிடும், திருகலை எண்ண முடியாது. தொட்டித் தண்ணீரையே ஒரு சொட்டு விடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். மேலே கண்ணாடி வில்லையை அழுத்தி மூடாதீர்கள். எந்த முனை உங்களை நோக்கி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: சின்னச் செல்கள் இருக்கும் பக்கம் மேலே. கீழ்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வலச்சுற்று என்று இங்கே வந்து எழுதினால் கரையோரம் சும்மா விடமாட்டார்.